கேட்டுப் பார்க்கக் கட்டணம் உண்டு

ஜூலை 6

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததைப் பார்த்தால் நீ இன்னும் முறைத்துக்கொள்வாய் என்று புதுத் தாள் எடுத்தேன். ஆகவே வெறும் தம்பிக்கு.

நீ போய் மூன்று வாரம் ஆகிறது. ஏரிக்கரையில் பறவைகளை எண்ணுகிற முகாமில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய், அங்கே போனுக்கு டவர் கிடையாது, புதன்கிழமை மளிகை வேனில்தான் தபால் வரும் என்பதெல்லாம் எதிர்க்கடைத் தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பதினாறு வருடமாக ஒரே கடை. நான் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் பிரித்துப் பழுது பார்ப்பேன், நீ வருகிறவர்களை உள்ளறை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்க வைப்பாய். அக்காவுக்குக் கை, தம்பிக்குக் காது என்று தெருவே சொல்லும். அந்தக் காது ஒரு நாள் காலையில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது.

எல்லாம் அந்தப் பலகையால் வந்தது. 'கேட்டுப் பார்க்கக் கட்டணம் உண்டு. பொருள் வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும். முன்பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது.' இதில் என்ன தப்பு என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை. ஒரு சின்ன வீட்டின் விலைக்கு விற்கிற பெட்டிகள். வருகிறவர்கள் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கிறங்கிக் கிடப்பார்கள், உன்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள், வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைத் தட்டி அதே பெட்டியை வேறெங்கோ சல்லிசாக வாங்குவார்கள். நாம் என்ன சத்திரமா நடத்துகிறோம்?

பலகை மாட்டி ஏழு மாதம் நீயும் முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தாய். அந்த வெள்ளிக்கிழமை, வயலின் சத்தம் கேட்டுத் தையல்காரர் எவ்வளவோ நாளைக்குப் பிறகு கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்தார். நான் பலகையைக் கை காட்டினேன். "சரிம்மா" என்று திரும்பிப் போனார். நான் செய்தது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கடையை விட்டே போவார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் உன் டெமோ கேட்டு ஒரு ஜோடி வாங்கினாரே, அவர் இப்போது சண்டைக்கு வருகிறார். "உங்க கடையில கேட்டப்ப பட்டு மாதிரி இருந்துச்சு, வீட்டுல ஊசி மாதிரி குத்துதும்மா" என்கிறார். மீட்டரோடு போய்ப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. அதற்காகத்தான் இந்தக் கடிதம், வேறொன்றுமில்லை.

உள்ளறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை தூசி தட்டத் திறப்பேன். அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தால் என் மூச்சே எனக்குக் கேட்கிறது.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

நீதிபதி வீட்டில் தரை பளிங்கு. ஜன்னலுக்குத் திரை கிடையாது. கெட்டியாக ஒரு கம்பளம் விரிக்கச் சொல், ஊசி மழுங்கிவிடும். உன் விஷயம் முடிந்தது.

என் விஷயத்தையும் கேட்டுக்கொள். விடியற்காலையில் இங்கே ஏரி இருப்பதே தெரியாது. வெள்ளையாக என்னவோ இருக்கும், அவ்வளவுதான். அதற்குள் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தென்கரை நாணலோரம் என்னை இறக்கிவிட்டுப் போவார்கள். துடுப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, அது தேய்கிறதா என் நினைப்புதானா என்று சொல்ல முடியாதபடி நின்றுபோகும். நான் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்டு எந்தப் பறவை, எத்தனை முறை என்று குறிக்க வேண்டும். பார்க்க வேண்டியதில்லை, பனியில் எதைப் பார்ப்பது?

முகாமுக்குத் தலைவி ஒரு மேடம். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். சொன்னதும், "காதை வெச்சே பிழைச்சவரா? அப்ப நாணல் குருவி உங்களுக்குத்தான்" என்று சந்தோஷமாகத் தென்கரையைக் கொடுத்துவிட்டார். கட்டைவிரல் அளவு குருவியாம், குரல் நூல் மாதிரி இருக்குமாம். வாத்தும் நீர்க்கோழியும் நிறையக் குறிக்கிறேன். நாணல் குருவி மட்டும் இன்றுவரை பூஜ்யம். வடகரையில் உட்காருகிறவர்கள் தினமும் பத்து, பன்னிரண்டு எழுதுகிறார்கள். தென்கரைத் தண்ணீரில் ஏதோ கெட்டிருக்கிறது என்று மேடம் கவலைப்படுகிறார்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. இவ்வளவு சாந்தமான இடத்தை நான் பார்த்ததேயில்லை. உலகத்தை யாரோ பஞ்சில் சுற்றி என் மடியில் வைத்தது போல இருக்கிறது. சில நாள் உட்கார்ந்தபடியே, நம் உள்ளறைதான் சுவர் கரைந்து இப்படி விரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன்.

தையல்காரரைத் துரத்தியது அதிகப்படிதான் என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் அதைக் கிளறவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். காசு கொடுத்து உட்கார்ந்தவன் பாட்டைக் கேட்பதில்லை அக்கா, தன் காசு வீண் போகவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பான். பலகைக்கு முன்னால் வாரத்துக்கு நாலு பேர் "எனக்குப் பிடிக்கலை" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். பலகைக்குப் பிறகு ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. யோசித்துப் பார்.

தம்பி


ஜூலை 28

தம்பி,

யோசித்துப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். இதை உட்கார்ந்து படி.

உள்ளறைத் திரையில் ஒரு ஓரம் பூச்சி அரித்துவிட்டது. அளவெடுக்கத் தையல்காரரைக் கூப்பிட்டேன். கூப்பிட வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வந்தார். வேலை பார்க்கட்டும் என்று அவருக்குப் பிடித்த வயலினைப் போட்டுவிட்டேன், நீ கடைசியாக டெமோ காட்டிய அதே ஜோடியில். உதட்டில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு அளந்தவர் பாதியில் நின்றார். ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, வலது பக்கம் வாயைப் பொத்திக்கிட்டுப் பாடுதே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி கேட்டுட்டு சரின்னு சொன்னதுங்க" என்றேன்.

"தம்பி சொன்னா சரிதான். ஆனா பொத்திக்கிட்டுத்தான் பாடுது."

அவர் போனதும் வலப்பக்கப் பெட்டியைத் திறந்தேன். உச்சக் குரலுக்கென்று மேலே சின்னதாக இருக்கிற ட்வீட்டருக்கு ஒயரே கொடுக்கவில்லை. சூட்டுக்கோலும் ஈயமும் தொடாத ஒயர், சுருண்டு கிடக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்த அன்றுதான் பலகை மாட்ட ஆள் வந்தார். நேராக இருக்கிறதா கோணலா என்று பார்க்கக் கூப்பிட்டார். பார்த்துவிட்டு வந்து, பற்றவைக்காமலே மூடியை வைத்துத் திருகிவிட்டேன். என் தப்பு. நூற்றுக்கு நூறு என் தப்பு. ஏழு மாதம் ஊமைப் பெட்டியைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறோம்!

அபிப்பிராய நோட்டைப் புரட்டினேன். 'அந்தி நேரம் போல இருந்தது.' 'கனவில் கேட்ட மாதிரி.' 'பட்டு.' ஒருவர்கூட வலது பக்கம் மங்கல் என்று எழுதவில்லை. நீ சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. பெட்டியின் பின்னால் ஒட்டிய சீட்டையும் பார்த்தேன். பதினாறு வருட வழக்கம், நான் என்ன பழுது பார்த்தேன் என்று எழுதி ஒட்டுவேன், நீ கால் மணி நேரம் கேட்டுவிட்டுக் கீழே 'சரி' என்று எழுதுவாய். ட்வீட்டர் மாற்றியது என்று என் எழுத்து. கீழே 'சரி'. உன் எழுத்து.

நீ கேட்காமல் எழுதுகிறவன் இல்லை. ஒரு ஆணி தளர்ந்திருந்தாலே எழுந்து வந்து என் உயிரை வாங்குவாய். எனக்கும் அந்த ஏழு மாதத்தில் இரண்டொரு தடவை மங்கலாகத்தான் பட்டது. நம் காது மரக்கட்டை, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது. பலகைமேல் கோபம், அக்கா அசிங்கப்படட்டும் என்று விட்டுவிட்டாய். இல்லையென்றால் இல்லை என்று எழுது. நம்புகிறேன்.

நீதிபதியிடம் போய் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவரோ, "அந்த ஒயரை என் வீட்டுலயும் கழட்டி விட முடியுமாம்மா?" என்று கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

ஆமாம். தெரிந்துதான் 'சரி' என்று எழுதினேன். வலது பக்கம் பேசவில்லை என்பது அன்றைக்கே எனக்குக் கேட்டது. பலகைமேல் இருந்த கோபம்.

வேறு சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்தவர்களுக்கு என் பங்கிலிருந்து திருப்பிக் கொடுத்துவிடு. டெமோவுக்கு வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள். எனக்கு எழுத வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 14

என் நீளக்காது முயலே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். என்ன செய்வாய்?

உன் கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். பெற்றவர்கள் போன பிறகு நமக்கு நாம்தான் என்று இருந்தேனே, இவனா எனக்கு இப்படிச் செய்தான் என்று ஆற மாட்டாமல் அழுதேன். மறுநாள் இன்னொரு தடவை படித்தேன். உனக்கு நிஜமாகக் கோபம் என்றால் நாலு பக்கம் எழுதுவாய், ஐந்து வயதில் நான் உன் பென்சிலை உடைத்ததிலிருந்து தொடங்குவாய். இது எண்ணி எட்டு வரி. உனக்குப் பொய் எழுத வராதுடா.

பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வடகரையில் தினமும் பத்து, பன்னிரண்டு. நீ உட்காருகிற தென்கரையில் மட்டும் பூஜ்யம். நீ எந்தக் கரையில் உட்காருகிறாய் என்று குருவிக்குத் தெரியுமா? நூல் மாதிரி குரல் என்று மேடம் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய். நீ கேட்டதாக எழுதவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. என் மீட்டர் கீச்சென்று கத்தும்போது, "கத்துதுடா, பாரு" என்பேன். "எது?" என்பாய். கவனம் இல்லாத பயல் என்று திட்டியிருக்கிறேன். உன் கைக்கடிகாரத்தில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். உன் கையிலேயே அடிக்கும், தையல்காரர் எதிர்க்கடையிலிருந்து வந்து சொல்வார்.

நேற்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போனேன். இடப்பக்கப் பெட்டியிலும் ட்வீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த வயலினைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டுதான். தூரத்தில் ஏதோ வீட்டில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு யாரோ தனக்குத் தானே வாசித்துக்கொள்வது போல இருந்தது. வில் தந்தியில் உரசுகிற அந்தக் கரகரப்பு இல்லை, வாசிக்கிறவருடைய மூச்சு இல்லை. மற்றபடி அழகாகத்தான் இருக்கிறது. இடது பக்கம், வலது பக்கம் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் ஒன்றுபோல, சரியாக இருந்தது.

நீயும் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். அப்படித்தானே?

பழிகாரன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, காது போனவன் என்று வாங்கக்கூடாது. அதற்காக என்னை ஒரு நாள் முழுக்க அழ வைத்தாய். வா, வந்ததும் உன் அந்தக் காதைப் பிடித்துத் திருகுகிறேன். எத்தனை நாளாக இப்படிடா?

அக்கா


ஆகஸ்ட் 27

சூட்டுக்கோல் அக்காவுக்கு,

இரண்டு வருடமாக.

முதலில் எனக்கே தெரியவில்லை. உலகம் மெல்ல மெல்லச் சாதுவாகிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைத்தேன். மழை சத்தம் போடாமல் பெய்தது, சாவிக்கொத்து மெத்தென்று மேசையில் விழுந்தது, எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்று அன்பாகப் பேசுவது போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது அக்கா, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடையில் மட்டும் சமாளித்தேன். பதினாறு வருடம் கேட்ட அதே ரெக்கார்டுகள்தானே, காதுக்கு வராததை ஞாபகம் கொண்டு வந்து கொடுத்தது. 'இந்த இடத்தில் வில் திரும்பும், கேளுங்கள்' என்று சரியான நொடியில் விரலைத் தூக்குவேன். அவர்களும் தலையாட்டுவார்கள். வலப்பக்கத்தில் அந்தச் சத்தமே வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கேட்காத ஒருவன் காட்ட, வராத சத்தத்தை அத்தனை பேரும் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. பலகை வேண்டாம் என்று உன்னிடம் கத்தினேன் அல்லவா? உள்ளுக்குள் அது எனக்குப் பெரிய நிழல். காசு கொடுத்தவர்கள் என்னிடம் குறை சொல்லவில்லை. தையல்காரர் ஒருவர்தான் எனக்குப் பயம், அந்த மனுஷன் கண்டுபிடித்துவிடுவார். நீ அவருக்குப் பலகையைக் கை காட்டினபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'அப்பாடா' என்று இருந்தது. பலகை வரும்வரை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்த மனுஷன் முகம் சுருங்கித் திரும்பிப் போகிறார், நான் அப்பாடா என்கிறேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அதனால்தான் கிளம்பினேன். பழியை உன்மேல் போட்டேன், மன்னித்துவிடு.

போன வாரம் மேடம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். தென்கரையை விட்டு நாணல் குருவி போய்விட்டது என்று முதல் வரி. என் நோட்டை வைத்துத்தான் எழுதுகிறார். வடகரை ஆள் ஒருவரை அங்கே உட்கார வைத்து இன்னொரு தடவை பார்க்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, "அவரு காதாலேயே பிழைச்சவரு, அவருக்குக் கேக்காததா நமக்குக் கேக்கப் போகுது?" என்றார். பேனா தாளைத் தொட்டபோது என் வாய் தானாகத் திறந்துவிட்டது. குருவி போகவில்லை மேடம், போனது என் காது என்றேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். மறுநாள் விடியலில் என்னோடு படகில் வந்தார். அதே வெள்ளை, அதே நாணல், அதே பஞ்சுபோன்ற அமைதி. பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். குருவி கூப்பிடும்போதெல்லாம் ஒரு தட்டு. முதல் தட்டு விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. கொஞ்சம் நின்று மறுபடி. அரை மணி நேரத்தில் இருபத்தேழு. இத்தனை நாளும் என்னைச் சுற்றி உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் ஏரியைப் பார்த்துக்கொண்டே விடாமல் தட்டினார்.

வேனில் டவுனுக்குப் போய் டாக்டரிடமும் காட்டினேன். கீச்சென்ற உச்சச் சத்தம் போனது போனதுதான், திரும்பாது என்றார். மற்றது இருக்கும், உன் திட்டெல்லாம் தெளிவாகக் கேட்கும் என்றும் தெரிந்துகொண்டேன்.

பறவைக் கணக்கு செப்டம்பர் பத்தோடு முடிகிறது. இதோடு கேட்டுப் பார்க்கும் கட்டணத்தை வைத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு. செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இந்தத் தடவை நான் வாடிக்கையாளர், நீதான் டெமோ காட்ட வேண்டும். அந்த வயலின். ட்வீட்டர் பேசும்போதெல்லாம் என் மணிக்கட்டில் ஒரு தட்டு. அவ்வளவு போதும்.

ஒருவேளை நான் வராமல் போனால் தப்பாக நினைக்காதே. டிக்கெட் எடுத்துவிட்டேன், ஆனால் அந்த அறை வாசலோடு திரும்பிவிடுவேனோ என்று இருக்கிறது.

முயல்


செப்டம்பர் 3

முயலுக்கு,

கட்டணம் கிடைத்தது. ரசீது இத்துடன் இருக்கிறது. பலகையில் உள்ளபடி முன்பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது. ஆகவே வாசலோடு திரும்பாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ. கூடப் பிறந்தவன் என்றெல்லாம் சலுகை கிடையாது.

பலகையில் கீழே இடம் இருந்தது, ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 'குறை சொல்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.' தையல்காரர் அதைப் படித்துவிட்டு, "இப்படிப் போட்டா நான் காலம் பூரா ஓசியிலதாம்மா கேப்பேன்" என்றார். கேளுங்கள் என்றேன். நீ அப்பாடா என்றதை அவரிடம் நான் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல்.

இரண்டு பக்கப் பெட்டியிலும் ஒயரைப் பற்றவைத்துவிட்டேன். புதுச் சீட்டும் ஒட்டியாயிற்று, என் எழுத்தோடு. கீழே 'சரி' போட இடம் காலியாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு நீதான் எழுத வேண்டும், வேறு யார் எழுதினாலும் பெட்டியை விற்க மாட்டேன்.

தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். தையல்காரரை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று நாளாக ஒத்திகை. நேற்று அவர் கையை உதறிக்கொண்டு, "ஊசியால குத்துற மாதிரி தட்டுறியேம்மா, குருவி அப்படியா கூப்பிடும்? மெதுவா" என்றார். சூட்டுக்கோல் பிடித்த கை, மெதுவாகத் தட்ட வரமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும்.

அன்புள்ள அக்கா
(இந்தத் தடவை அடிக்கவில்லை)